நங்கூரக் கயிற்றில் ஒரு குண்டு

நங்கூரம் தன் கனத்தால் மட்டும் படகைப் பிடித்து வைப்பதில்லை. கயிறு தரையோடு படுத்து இழுத்தால் அதன் கொக்கி சேற்றில் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும். ஆகவேதான் சிலர் கயிற்றில் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிடுகிறார்கள். அது கயிற்றைத் தாழ்த்தும். அலையின் வெடுக்கென்ற இழுப்பையும் தணிக்கும். பலத்த காற்றில் கயிறு விறைத்துவிட்டாலோ குண்டால் பெரிய பயனில்லை. ஆழத்தைப்போல் 5 மடங்கு கயிறாவது விடவேண்டும். காற்றென்றால் 7 மடங்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பானில் தூண்டில் போடப் போகும் நாம் கடல் ஏற்றத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். கிள்ளான் துறைமுகப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏறக்குறைய 4 மீட்டர் உயரும். வற்றலில் 3 மீட்டர் ஆழத்துக்கு 15 மீட்டர் கயிறு போதும். நீர் ஏறியபின் அதே கயிறு இரண்டு மடங்குதான்! அப்போது 35 மீட்டர் வேண்டும். குண்டு அந்தக் குறையை ஈடுசெய்யாது.