உருளைக்கிழங்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் முளைக்குது? கூடையை மாத்துறதுக்கு முன்னாடி மாசத்தைப் பாருங்க

ராஜபாளையத்திலிருந்து பேசுறேன். இந்த எபிசோடுக்கான கேள்வி பக்கத்திலிருந்தே வந்திருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் நேயர் ஒருத்தர் இப்படிக் கேட்டிருந்தாங்க: "மார்ச் மாசம் வாங்கின உருளைக்கிழங்கு ஒரு மாசம் அப்படியே இருந்துச்சு. அக்டோபரில் வாங்கினது ஒரே வாரத்தில் முளை விட்டுடுச்சு. அதே கடை, அதே கூடை, சமையலறையில் அதே மூலை. என்னதான் தப்பு?"

சுருக்கமான பதில்: தப்பு உங்க கூடையில் இல்லை, கிழங்கோட வயசில். நீளமான பதிலுக்கு, கிழங்குக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கணும்.

கிழங்கு தூங்குது, சாகலை

உருளைக்கிழங்கு வேர் கிடையாது. மண்ணுக்குள்ள வளர்ற தண்டு அது. அதில் நாம 'கண்'ணுன்னு சொல்றது எல்லாம் மொட்டு. தோண்டி எடுத்த பிறகும் அதுக்கு உயிர் இருக்கு. ஆக்சிஜனை உள்ளே இழுத்து, தன்கிட்ட இருக்கிற மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சு, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே விடுது. சுவாசம்தான், வேற ஒண்ணும் இல்லை.

தோண்டின உடனே மொட்டுகள் முளைக்காது. ஒரு உறக்க காலம் இருக்கு. லேப்டாப்பை ஸ்லீப் மோடில் போட்ட மாதிரி வச்சுக்கலாம். நம்ம நாட்டு ரகங்கள் பலவற்றுக்கும் இது சுமார் 6 முதல் 8 வாரம். அது முடிஞ்சதும் கண்கள் விழிச்சுக்கும். அந்த நேரத்தில் சூடும் சேர்ந்தா முளை வேகமா வரும்.

அக்டோபர் கிழங்கு எங்கிருந்து வருது?

உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், குஜராத் மாதிரி மாநிலங்களில் அக்டோபர், நவம்பரில் நட்டு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை தோண்டுவாங்க. அதில் பெரும்பகுதி மார்ச் கடைசிக்குள்ள குளிர்பதனக் கிடங்குக்குப் போயிடும். ஆக்ரா பக்கம் இந்தக் கிடங்குகள் வரிசையா நிற்கும். உள்ளே வழக்கமா 2 முதல் 4 டிகிரி செல்சியஸ். அங்கிருந்து நவம்பர் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வெளியே எடுத்து விற்பாங்க.

இப்போ கணக்குப் போடுங்க. மார்ச்சில் நீங்க வாங்கினது தோண்டி சில வாரமே ஆன கிழங்கா இருந்திருக்கலாம். உறக்கம் இன்னும் மிச்சம் இருக்கும். அக்டோபரில் வாங்கினது பிப்ரவரியில் தோண்டியதா இருந்தா, அதுக்கு 8 மாச வயசு. அதோட உறக்கம் கிடங்குக்குள்ளேயே முடிஞ்சு போச்சு. முளையைத் தடுத்துக்கிட்டு இருந்தது குளிர் மட்டும்தான். லாரியில் ஏறி, 30 டிகிரி சூட்டில் நம்ம ஊர்க் கடைக்கு வந்ததும் அந்தக் குளிரும் போயிடுது. அப்புறம் முளைக்காம என்ன செய்யும்?

ஊட்டிக் கிழங்கு கதை வேற. நீலகிரியில் வருஷத்துக்கு மூணு போகம். மேட்டுப்பாளையம் ஏலத்துக்கு வந்து அங்கிருந்து பிரியுது. அதனால் வடக்குக் கிழங்கு கிழடு தட்டியிருக்கிற மாசத்திலும் ஊட்டியிலிருந்து புதுசு கிடைக்கலாம். மண் ஒட்டியிருக்குன்னு அழுக்கா நினைச்சு ஒதுக்காதீங்க.

வயசைக் கண்டுபிடிக்க கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கட்டை விரலால் தோலைத் தேய்ச்சுப் பாருங்க.

- தோல் உரிஞ்சு வந்தா, புதுசாத் தோண்டினது. இப்போதைக்கு முளைக்காது. ஆனா தோல் முற்றாததால் ஈரம் போய்ச் சீக்கிரம் சுருங்கும்.
- தோல் கெட்டியா, கண் மூடியிருந்தா, வீட்டில் வச்சுக்க இதுதான் சரியானது.
- கண்ணில் வெள்ளையா ஒரு புள்ளி தூக்கியிருந்தா, விழிச்சாச்சு. அந்த வாரத்துக்கு மட்டும் வாங்குங்க.

நம்ம ஊர்ச் சூட்டில் எங்கே வைக்கிறது?

இணையத்தில் தேடினா "இருட்டான, 7 முதல் 10 டிகிரி இருக்கிற நிலவறையில் வையுங்க"ன்னு வரும். மே மாசத்து ராஜபாளையத்தில் நிலவறைக்கு எங்கே போறது? நம்மால் 10 டிகிரி கொண்டுவர முடியாது. ஆனா 38-ஐ 30 ஆக்க முடியும். அதுவே பெரிய விஷயம். ஏன்னா தோராயமா ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் கிழங்கோட சுவாச வேகம் இரண்டு மடங்காகுது.

பரண் வேண்டாம். காங்கிரீட் கூரையோட சூடெல்லாம் அங்கேதான் இறங்கும். அடுப்புப் பக்கமும், ஃப்ரிட்ஜோட பின்பக்கமும், ஃப்ரிட்ஜ் மேலேயும் வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் பெரும்பாலும் வெயில் படாத அறையோட தரைதான். பாட்டிமார்கள் கட்டிலுக்கு அடியில் சாக்கை விரிச்சு, கிழங்கைப் பரப்பி வச்சதுக்குப் பின்னால் முழு அறிவியலும் இருக்கு: தரையின் குளிர்ச்சி, இருட்டு, காத்தோட்டம்.

கட்டின பிளாஸ்டிக் கவர்தான் முதல் எதிரி. சூட்டில் வேகமா மூச்சு விடுற கிழங்குக்கு அதுக்குள்ள ஆக்சிஜன் போதாது. வெளியே நல்லா இருக்கிற கிழங்கை வெட்டினா நடுவில் கறுப்பா இருக்கும், பார்த்திருப்பீங்க. அதுக்கு ஒரு முக்கியக் காரணம் இந்த மூச்சுத்திணறல். கவருக்குள்ள வியர்க்கிற நீர் தோலில் படலமா நின்னா, அழுகல் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். ஓலைப்பெட்டி, மூங்கில் கூடை, மஞ்சப்பை எல்லாமே நல்லது. மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு வெளிச்சத்தை மறைங்க. சேமிக்கிறதுக்கு முன்னாடி கழுவாதீங்க. வெட்டுப்பட்டது, நசுங்கினது எல்லாம் முதல் நாளே குழம்புக்குப் போகட்டும். ஒண்ணு அழுகினா பக்கத்தில் இருக்கிறதுக்கும் பரவும்.

வெங்காயத்தோட சேர்த்து வைக்கலாமா? வேண்டாம். உருளைக்குக் காத்தில் ஈரம் வேணும், வெங்காயத்துக்கு உலர்வு வேணும். ஒரே கூடையில் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது. வெங்காயம் விடுற எத்திலீன் வாயுதான் உருளையை முளைக்க வைக்குதுன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. வெங்காயம் விடுற எத்திலீன் ரொம்பக் குறைவு. அது போக, வெளிநாட்டுக் கிடங்குகளில் முளை வளராம இருக்கவே எத்திலீனைப் பயன்படுத்துறாங்க.

இடம் இருந்தா ஒரு மண்பானை முறையும் இருக்கு. டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் மின்சாரமே தேவைப்படாத ஒரு குளிர் அறையை உருவாக்குச்சு. இரண்டு செங்கல் சுவர், நடுவில் ஈர மணல். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். வீட்டில் இதையே சின்னதாச் செய்யலாம். பெரிய தொட்டியில் ஈர மணல், அதுக்குள்ள மண்பானை, மேலே துணி மூடி. கிழங்கு மட்டும் நனையக் கூடாது. கோடையிலும், மலைப்பக்கமிருந்து காத்து வீசுற ஆடியிலும் இது வேலை செய்யும். ஐப்பசி மழையில் காத்தே ஈரமா இருக்கும்போது எதிர்பார்க்காதீங்க.

ஃப்ரிட்ஜில் வச்சா?

குளிரில் கிழங்கோட மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையா மாறும். அதை எண்ணெயில் போட்டா சீக்கிரம் கறுக்கும், அக்ரிலமைடுங்கிற வேண்டாத பொருளும் அதிகம் உருவாகும். அதனால்தான் பல காலம் "ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க"ன்னு சொன்னாங்க. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2023-ல் தன் அறிவுரையை மாத்தி, வீட்டில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம்னு சொல்லிடுச்சு.

என் பரிந்துரை: சிப்ஸுக்கும் வறுவலுக்கும் வெளியே இருக்கிறதை எடுங்க. மசாலா, குருமா, சாம்பாருக்கு ஃப்ரிட்ஜ் கிழங்கு தாராளமாப் போதும். வேகவைக்கும்போது அக்ரிலமைடு பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. 38 டிகிரியில் அழுக விடுறதைவிட இது எவ்வளவோ மேல்.

பச்சை நிறத்தில் விளையாட்டு வேண்டாம்

வெளிச்சம் பட்டா கிழங்கு பச்சையாகும். அந்தப் பச்சை வெறும் பச்சையம், அதனால் ஆபத்து இல்லை. ஆனா அதே வெளிச்சத்தில் சோலனைன் மாதிரி நச்சுப் பொருள்களும் தோலுக்கு அடியில் கூடும். முளையிலும் அது அதிகம். வேகவைச்சாலும் அழியாது.

1969-ல் தென்கிழக்கு லண்டனில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 78 மாணவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாச்சு. விசாரிச்சா, கோடை விடுமுறைக்கு முன்னாடி மிச்சமான ஒரு மூட்டைக் கிழங்கைச் சமைச்சிருக்காங்க. எல்லாரும் பிழைச்சுக்கிட்டாங்க. ஆனா அந்த மூட்டைதான் இன்னைக்குப் பேசின எல்லாத்துக்கும் எச்சரிக்கை.

அதனால், கிழங்கு கெட்டியா இருந்து சின்ன முளை வந்திருந்தா, கண்ணோட சேர்த்து ஆழமாத் தோண்டி எடுத்துட்டுச் சமைக்கலாம். ஓரத்தில் லேசாப் பச்சை இருந்தா, தோலைத் தடிமனாச் சீவுங்க. பாதி பச்சையா இருந்தாலோ, சுருங்கித் தொளதொளன்னு நிறைய முளைச்சிருந்தாலோ குப்பைக்குத்தான். வாயில் வச்சதும் கசந்தா, தொண்டை எரிஞ்சா, அப்படியே நிறுத்திடுங்க. குழந்தைகளுக்கு எடை குறைவு, அதனால் அவங்க தட்டில் கூடுதல் கவனம்.

கடைசியா, வருஷத்துக்கு ஒரு கணக்கு. பிப்ரவரி, மார்ச்சில் புதுக் கிழங்கு வரும்போது மூணு, நாலு கிலோ வாங்கித் தரையில் பரப்புங்க. ஏப்ரல், மே சூட்டில் ஒரு கிலோ போதும். ஆகஸ்ட் தாண்டினா ஊட்டிப் புதுசு கிடைச்சா எடுங்க, இல்லைன்னா அந்த வாரத்துக்கு அரைக் கிலோ. அப்புறம், பழசு மேலே, புதுசு கீழே. க்யூவில் முதலில் வந்தவர் முதலில் போகட்டும்.

உங்க வீட்டில் வேற முறை இருந்தா வாய்ஸ் நோட்டில் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.