மஞ்சளான ஆறு குழிகள்

புன்னக்காயல் கடற்கரையில் பலவித வலைகளைக் காணலாம். சாளைக்கு ஒரு வலை, நண்டுக்கு வேறொரு வலை. நம் குருதியிலும் இத்தகைய வலைகள் உண்டு. அவையே எதிர்ப்பொருள்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனக்குரிய புரதத்தை மட்டுமே பற்றும். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமன் கூறிய யோசனைப்படி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் குருதியைச் சேகரித்தார். சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் பாதுகாத்தார். எதற்காக இந்தச் சோதனை என்று அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்று சட்டம் அதை அனுமதிக்காது, அதுவே நியாயம். சோதனைக்கான வசதி சென்னையில் இல்லாததால், பனிக்கட்டியிட்டு மாதிரிகளை அடுக்கிக்கொண்டு, கணவருடன் இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை அடைந்தார்.

அங்கே ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது ‘எலிசா’ சோதனை. சிறு குழிகள் கொண்ட தட்டில் எய்ட்ஸ் வைரசின் புரதம் பூசப்பட்டிருக்கும். அதில் சீரத்தை இடுவார்கள். அவ்வைரசுக்கான எதிர்ப்பொருள் சீரத்தில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். ஒட்டியது கண்ணுக்குத் தெரியாதே! எதிர்ப்பொருளும் ஒரு புரதம் அல்லவா? மனித எதிர்ப்பொருளை ஆட்டுக்குச் செலுத்தினால், அதைப் பற்றும் எதிர்ப்பொருளை ஆட்டின் உடல் தயாரிக்கும். இப்படி விலங்கிடமிருந்து பெற்றதுடன் ஒரு நொதியை இணைத்துக் குழியில் விடுவார்கள். வலையைப் பிடிக்க இன்னொரு வலை! கடைசியாகச் சேர்க்கும் வேதிப்பொருளை அந்த நொதி நிறம் மாற்றும்.

ஆறு குழிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அன்றுதான்.

ஆனால் எதிர்ப்பொருள் சில வேளை தவறான புரதத்தையும் பற்றுமே! ஆகவே மாதிரிகள் அமெரிக்கா சென்றன. அங்கே ‘வெஸ்டர்ன் பிளாட்’ சோதனை. வைரசின் புரதங்களைக் கூழ்மப் படலத்தில் மின்சாரத்தால் ஓடவிட்டால், சிறியவை முந்தும், பெரியவை பிந்தும். அவ்வரிசை குலையாமல் ஒரு மெல்லிய தாளில் ஒற்றி எடுத்து, சீரத்தில் நனைப்பார்கள். எந்த அளவுள்ள புரதங்களை எதிர்ப்பொருள் பிடித்தது என்பது கோடுகளாகத் தெரியும். ஒரே நிறத்தை நம்புவதைவிட இது உறுதியானது. (பெயரில் ஒரு வேடிக்கை: டி.என்.ஏ.வை ஒற்றும் முறையை 1975இல் வெளியிட்டவர் எட்வின் சதர்ன். சதர்ன் என்றால் ‘தெற்கு’. அதனால் புரதத்துக்கு ‘மேற்கு’ கிடைத்தது!)

கோடுகள் தோன்றின, முடிவு உறுதியாயிற்று. சட்டமன்றத்தில் அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தார். நிர்மலா 1987இல் தம் ஆய்வேட்டை அளித்துவிட்டு, சென்னை கிங் நிலையத்தில் தடுப்பூசி தயாரிக்கும் பணிக்குச் சென்றார்.