ட்ரையத்லான்: மூணு விளையாட்டு, ஒரே ரேடியேட்டர்

எங்க அக்காவும் மச்சானும் (அக்கா வீட்டுக்காரர், ஹாஸ்டல்ல நாம கூப்பிடுற மச்சான் இல்ல) இந்தக் கோடைல மூணு ரேஸ்ல பேரு குடுத்தாங்க. ஏப்ரல்ல ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டம், மே கடைசில ஒரு டூயத்லான், அதாவது ஓட்டம் - சைக்கிள் - மறுபடி ஓட்டம். ஜூலைல சென்னைக்கு வெளியில ஒரு ட்ரையத்லான். மச்சான் பேங்க்ல வேலை பாக்குறார். அக்கா ஸ்கூல் டீச்சர். ரெண்டு பேருக்கும் மெடல் ஆசை எல்லாம் கிடையாது. கல்யாணம் ஆகி நாலு வருஷத்துல ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச ஒரே விஷயம் சீரியல் பாத்ததுதான்னு அக்கா ஒரு நாள் சொல்லுச்சு. அங்க ஆரம்பிச்சது.

செமஸ்டர் லீவுல புதுக்கோட்டைல சும்மா கிடந்த எனக்கு சப்போர்ட் க்ரூ வேலை. ஸ்கூட்டில தண்ணி கேன், நீர்மோர், பஞ்சர் சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டு பின்னாடியே போகணும். சம்பளம் புரோட்டா. அந்த வேலைல நான் பண்ணின ஒரு தப்புக்கு அப்புறம்தான், இந்த விளையாட்டு நிஜமா எப்படி வேலை செய்யுதுன்னு உக்காந்து படிச்சேன்.

முதல்ல அடிப்படை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் இடையில நிறுத்தாம செய்யுறதுதான் ட்ரையத்லான். ஒலிம்பிக் தூரம் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். 2000 சிட்னி ஒலிம்பிக்லதான் இது முதல்முறையா வந்துச்சு. அதுல பாதி தூரத்துக்குப் பேரு ஸ்ப்ரிண்ட்: 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. எங்க வீட்டு ரேஸ் அந்த வகை. நீச்சலை முதல்ல வைக்கிறதுக்குக் காரணம் சிம்பிள். களைச்சுப் போன ஆளு ரோட்டுல விழுந்தா சிராய்ப்பு, தண்ணியில மூழ்கினா உயிர் போயிடும். ஒரு விளையாட்டுல இருந்து அடுத்ததுக்கு மாறுற இடத்துக்கு ட்ரான்சிஷன்னு பேரு. நீச்சல்ல இருந்து சைக்கிளுக்கு டி1, சைக்கிள்ல இருந்து ஓட்டத்துக்கு டி2. கடிகாரம் அப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

இதுல பெரிய அண்ணன் அயர்ன்மேன். அதைத் தொடங்கினதும் ஒரு புருஷன் பொண்டாட்டிதான்னு தெரிஞ்சப்ப அக்காவுக்கு செம குஷி. ஜான் காலின்ஸ் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அவர் மனைவி ஜூடி. 1974ல சான் டியேகோவுல நடந்த ஒரு சின்ன ட்ரையத்லான்ல ரெண்டு பேருமே கலந்துக்கிட்டாங்க. அப்புறம் ஹவாய்க்கு மாத்தலாகிப் போனாங்க. அங்க ஒரு பரிசளிப்பு விழாவுல, ஓடுறவன் பெரிய ஆளா நீந்துறவன் பெரிய ஆளான்னு ஒரு வாக்குவாதம். நம்ம ஊரு டீக்கடை ரஜினி - கமல் மாதிரி முடிவே இல்லாத வாக்குவாதம். அதை முடிச்சு வைக்க, அந்தத் தீவுல ஏற்கெனவே நடந்துக்கிட்டு இருந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் மூணையும் ஒரே நாள்ல செய்வோம்னு காலின்ஸ் சொன்னார். 1978 பிப்ரவரி 18ம் தேதி 15 பேர் கிளம்பினாங்க, 12 பேர் முடிச்சாங்க. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். ஜெயிச்ச கார்டன் ஹாலர் எடுத்துக்கிட்டது கிட்டத்தட்ட 11 மணி 47 நிமிஷம். ரெண்டாவது வந்த ஜான் டன்பாருக்குத் துணைக்குப் போனவங்ககிட்ட ஓட்டத்தப்போ தண்ணி தீர்ந்துபோச்சு. பீரைக் குடுத்திருக்காங்க. சப்போர்ட் க்ரூ சொதப்புறது இந்த விளையாட்டு பிறந்த அன்னிக்கே ஆரம்பிச்சிருக்குன்னு எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இப்ப என் சொதப்பலுக்கு வர்றேன்.

மே மாசம், கத்திரி வெயில். டூயத்லானுக்கு ரெண்டு வாரம் இருக்கு. ஞாயித்துக்கிழமை 'ப்ரிக்' பயிற்சி, அதாவது சைக்கிள் ஓட்டி முடிச்ச கையோட இறங்கி ஓடுறது. சைக்கிள்ல இருந்து இறங்கின முதல் அஞ்சு நிமிஷம் கால் நம்ம கால் மாதிரியே இருக்காது. அதைப் பழக்கத்தான் இந்தப் பயிற்சி. திட்டப்படி அஞ்சு மணிக்குக் கிளம்பி, திருமயம் ரோட்டுல 30 கி.மீ. ஓட்டிட்டு, ஏழு மணிக்குள்ள 5 கி.மீ. ஓடி முடிச்சிருக்கணும். ஆனா சீமைக்கருவேல முள்ளுக்கு நம்ம திட்டம் எல்லாம் தெரியாதே. மச்சான் டயர்ல ஒண்ணு, ஒட்டினதுக்கு அப்புறம் அக்கா டயர்ல ஒண்ணு. நான் கொண்டு போன ட்யூப் சைஸ் தப்பு. கடை தேடித் திறக்கச் சொல்லி, எல்லாம் முடிஞ்சு அவங்க ஓட ஆரம்பிக்கும்போது மணி எட்டேமுக்கால். வேண்டாம்னு அக்கா சொல்லுச்சு. "இவ்ளோ தூரம் வந்தாச்சு"ன்னு மச்சான் இறங்கி ஓடிட்டார். நான் டீ குடிச்சிட்டு வர்றேன்னு கடையில நின்னுட்டேன். தண்ணி கேன் என் ஸ்கூட்டில இருந்துச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் கணக்கு போட்டுருவோம். தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல அரியர் வச்சவங்களுக்கும் புரியும்.

ஒரு கிலோ எடையுள்ள உடம்பு ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். மச்சான் 75 கிலோ. மணிக்கு 10 கி.மீ. வேகத்துல ஓடினா மணிக்கு 750 கிலோகலோரி. வாட்டுல மாத்தினா சுமார் 870. நம்ம தசையோட எஃபிஷியன்சி 20லிருந்து 25 சதவீதம்தான், மிச்சம் எல்லாம் வெப்பம். அப்ப மச்சானுக்குள்ள 650 வாட்டுக்கு மேல ஹீட்டர் ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. அந்த வெப்பம் வெளிய போகலைன்னா என்ன ஆகும்? உடம்போட வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோவுக்கு சுமார் 3.5 கிலோஜூல். 75 கிலோவுக்கு ஒரு டிகிரி ஏற 260 கிலோஜூல் போதும். 650 வாட்டுல அதுக்கு ஏழு நிமிஷம்கூட ஆகாது. 37ல இருந்து 40 டிகிரிக்குப் போக இருபது நிமிஷம்.

நிஜத்துல அப்படி ஆகாம காப்பாத்துறது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானா கிட்டத்தட்ட 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கிட்டுப் போகும். 650 வாட்டை சமாளிக்க மணிக்கு ஒரு லிட்டர். இதுல 'ஆவியானா'ங்கிற வார்த்தைதான் முக்கியம். சொட்டித் தரையில விழுற வியர்வையால உடம்பு குளிராது. புதுக்கோட்டை மாதிரி வறண்ட காத்துல வியர்வை சீக்கிரம் ஆவியாகும். கடலோரத்துல ஈரப்பதம் அதிகம், சட்டை தொப்பலா நனையும், ஆனா சூடு இறங்காது. இன்னொண்ணு, நம்ம தோலோட வெப்பநிலை சுமார் 35 டிகிரி. வெளிய காத்து 38ன்னா, காத்து நம்மள குளிர வைக்காது, திருப்பி சூடேத்தும். ரேடியேட்டர் ஃபேன் ரிவர்ஸ்ல சுத்துற மாதிரி.

சைக்கிள்ல போகும்போது இந்த ஆபத்து தெரியவே தெரியாது. மணிக்கு 28, 30 கி.மீ. வேகத்துல போனா எதிர்க்காத்துல வியர்வை வர்றதுக்கு முன்னாடியே ஆவியாகிடும். சட்டை காய்ஞ்சிருக்கும், வியர்க்கவே இல்லையேன்னு தோணும், தண்ணி குடிக்கவும் தோணாது. இறங்கி ஓட ஆரம்பிச்ச நிமிஷம் காத்து மூணுல ஒரு பங்காகுது, உடம்புல ஏற்கெனவே ஒண்ணு ஒன்றரை லிட்டர் குறைவு. டி2 வெறும் ஷூ மாத்துற இடம் இல்ல. ரேடியேட்டர் ஃபேனை நிறுத்திட்டு இஞ்சினை முறுக்குற இடம்.

இது நம்மள மாதிரி ஞாயித்துக்கிழமை வீரர்களுக்கு மட்டும் நடக்குறது இல்ல. 2016 செப்டம்பர்ல மெக்சிகோவுல கோசுமெல் தீவுல உலகத் தொடரோட கடைசி ரேஸ். ரியோ ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கின ஜானி பிரவுன்லீ முதலாவதா ஓடிக்கிட்டு இருந்தார். எல்லைக்கோட்டுக்கு சில நூறு மீட்டர் இருக்கும்போது கால் பின்னுது, ரோட்டோரமா சாயறார். பின்னாடி வந்த அண்ணன் அலிஸ்டர், ஒலிம்பிக் தங்கம் வாங்கினவர், தம்பி கையைத் தன் தோள்ல போட்டு இழுத்துக்கிட்டுப் போய் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். தம்பி ரெண்டாவது, அண்ணன் மூணாவது. வீடியோவை எல்லாரும் பாசத்துக்காக ஷேர் பண்ணினாங்க. நான் இப்ப பாத்தா அந்தத் தள்ளாட்டம்தான் கண்ணுல படுது.

திருமயம் ரோட்டுலயும் அதேதான். நான் போய்ச் சேர்ந்தப்ப மச்சான் வேப்பமரத்தடில நின்னு ஷூ லேசை அவிழ்க்கப் பாக்குறார், விரல் போகல. அக்கா, "ஏங்க, என்ன பண்ணுது?"ன்னு கேக்குது. "வண்டிய எடு, பேங்க்குக்கு லேட்டாச்சு"ங்கிறார். ஞாயித்துக்கிழமை! நான் சிரிச்சேன். அக்கா சிரிக்கல. அதுக்குள்ள அவர் அப்படியே உக்காந்துட்டார். உடம்பைத் தொட்டா அடுப்பு மாதிரி கொதிக்குது, ஆனா வியர்வை ஊத்துது. வியர்வை நின்னாத்தான் ஹீட் ஸ்ட்ரோக்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். ஓடும்போது வர்ற வகைல வியர்வை நிக்கணும்னு அவசியமே இல்ல. பேச்சு குழறுறது, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்றது, கோபப்படுறது, தள்ளாடுறது - மூளை சூடாகுதுன்னு சொல்ற அறிகுறி அதுதான்.

நான் ஸ்கூட்டில பின்னாடி உக்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்னு நெனச்சேன். பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அங்க நின்ன பெரியவர் ஒருத்தர் ஓடிவந்து, "தம்பி, எங்கடா தூக்கிட்டுப் போற? தொட்டியில இறக்குங்கடா முதல்ல!"ன்னு கத்தினார். நாலு பேர் சேர்ந்து பம்ப்செட் தொட்டில கழுத்துவரைக்கும் இறக்கினோம். அக்கா பின்னாடி நின்னு தலையைத் தண்ணிக்கு மேல தாங்கிப் பிடிச்சுக்கிச்சு. நான் 108க்கு அடிச்சேன். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள மச்சான், "நான் ஏன் தொட்டிக்குள்ள இருக்கேன்?"னு கேட்டார். அன்னிக்கு நான் கேட்டதுலயே அழகான கேள்வி அதுதான்.

அந்தப் பெரியவர் பட்டறிவுல சொன்னதைத்தான் விளையாட்டு மருத்துவமும் சொல்லுது: முதல்ல குளிர வை, அப்புறம் கொண்டு போ. மூளை 40 டிகிரிக்கு மேல எத்தனை நிமிஷம் இருக்குதுங்கிறதுதான் கணக்கு, அரை மணி நேரத்துக்குள்ள சூட்டை இறக்கணும். தண்ணியோட வெப்பக் கடத்துதிறன் காத்தை விட 20 மடங்குக்கு மேல, அதனால தொட்டி மாதிரி வேற எதுவும் வேலை செய்யாது. தொட்டி இல்லைன்னா வாளி வாளியா ஊத்தி விசிறணும். நினைவு சரியில்லாத ஆளு வாயில தண்ணி ஊத்தக் கூடாது. 108க்கு உடனே அடிக்கணும், ஆனா அது வர்ற வரைக்கும் சும்மா காத்துக்கிட்டு இருக்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. இந்தக் கதையக் கேட்டுட்டு லிட்டர் கணக்கா வெறும் தண்ணி குடிச்சாலும் தப்பு. வியர்வைல உப்பு போகுது, வெறும் தண்ணியா ரொப்பினா ரத்தத்துல சோடியம் நீர்த்துப்போகும், அதுவும் ஆளைச் சாய்க்கும். எங்க அப்பத்தா உப்புப் போட்டு நீர்மோர் கரைச்சுக் குடுத்ததுல கெமிஸ்ட்ரி சரியாத்தான் இருந்திருக்கு.

மூணு நாள் ஆஸ்பத்திரி. மே மாச டூயத்லான் கேன்சல். ஜூலைல மச்சான் ஓடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அக்கா மட்டும் போச்சு. அதுக்கு நீச்சல் பிரச்சனையே இல்ல, அப்பத்தா ஊரு கிணத்துல குதிச்சு வளர்ந்த ஆளு. குளத்துல 750 மீட்டரை முடிச்சு நாலாவது ஆளா வெளிய வந்துச்சு. வந்த வேகத்துல சைக்கிளை எடுத்துச்சு, ஹெல்மெட் வாரை மாட்டாமலே. அதிகாரி ஒருத்தர் விசில் அடிச்சு நிறுத்தினார். வாரை மாட்டாம ஸ்டாண்டுல இருந்து சைக்கிளைத் தொடவே கூடாதுன்னு விதி. அங்கேயே நின்னு மாட்டி, தண்டனை நேரமும் வாங்கிக்கிட்டு, அஞ்சாறு பேருக்குப் பின்னாடி போச்சு.

இந்த மாதிரி சின்ன விதியோட வலி புதுக்கோட்டைக்காரங்களுக்குப் புதுசு இல்ல. நம்ம ஊரு ஜி. லட்சுமணன் 2017ல புவனேஸ்வர் ஆசிய தடகளத்துல 5000, 10,000 மீட்டர் ரெண்டுலயும் தங்கம் வாங்கினவர். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 26, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, 10,000 மீட்டர்ல மூணாவதா வந்தார். வெண்கலம்னு கொண்டாடிக்கிட்டு இருக்கும்போதே தகுதிநீக்கம். ஒருத்தரை முந்தும்போது கால் உள்கோட்டைத் தாண்டிடுச்சு. ஏன் இவ்ளோ கறார்? ட்ராக்கோட 400 மீட்டரை உள்விளிம்புல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் அளக்குறாங்க. விளிம்பு மேலயே ஒருத்தர் ஓடினா ஒரு சுத்துக்கு 1.88 மீட்டர் மிச்சம், 25 சுத்துக்கு 47 மீட்டர். விதி நியாயம்தான். ஆனா லட்சுமணனுக்கு அதுல என்ன லாபம் கிடைச்சிருக்கும்னு கணக்கு போட்டா மனசு கேக்கல.

அக்கா ரேஸை முடிச்சது 1 மணி 51 நிமிஷத்துல. டி2ல மச்சான் வேலிக்கு வெளிய நின்னுக்கிட்டு, "மெதுவா, மெதுவா, முதல் கிலோமீட்டர் மெதுவா"ன்னு தொண்டை கிழியக் கத்தினார். அன்னிக்கு சப்போர்ட் க்ரூ ரெண்டு பேர். தண்ணி கேன் என் கையை விட்டு இறங்கல.

ஊருக்கு வந்த மறுவாரம் ரெண்டு பேரும் அந்தத் தோட்டத்துக்குப் பெரியவரைப் பாக்கப் போனாங்க, நானும் போனேன். அக்கா மெடலை அவர் கையில குடுத்துச்சு. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "தகரமா?"ன்னு கேட்டார். அப்புறம் மச்சானைப் பாத்து, "மோட்டார் ஓடுது, குளிக்கிறீங்களா?"ன்னார்.