விழப் பழகிய முதலாளி

இவ்வாரம் சீனி விலையும் டொலரும் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் நான் குட்டிக்கரணம் பழகிய கதை. சிரித்துவிட்டுப் படியுங்கள்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் எனக்கு இரும்புச் சாமான் கடை. மேல்தட்டில் கயிற்றுச் சுருள் எடுக்க ஏறியபோது ஏணி வழுக்கியது. (ஏணிக்குப் போடும் இறப்பரை இருபது வருடமாக விற்பவன் நான். என் ஏணிக்குப் போடவில்லை.) எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்தது. இந்த முறிவைப் பற்றி அயர்லாந்து வைத்தியர் ஆபிரகாம் கொலிஸ் 1814இலேயே எழுதியிருக்கிறார். அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

ஆறு கிழமை கட்டு. அதுவும் எழுதுகிற கை. கடன் கொப்பியில் என் கிறுக்கல் எனக்கு மட்டும்தான் விளங்கும். மகன் திணறிப்போனான். வரவேண்டிய காசில் எவ்வளவு அந்த ஆறு கிழமையில் கரைந்தது என்று இன்றுவரை கணக்கில்லை. தனியாள் கடையில் முதலாளியின் எலும்பும் முதல்தான்.

கட்டுப் பிரித்த பின், ஜூடோ பழகும் தங்கச்சியின் மகன் சொன்னான்: "மாமா, விழுந்தது பிழையில்ல. கையை ஊண்டினதுதான் பிழை." ஜூடோவில் எறியப் பழக்குமுன் விழப் பழக்குவார்களாம்.

அஸருக்குப் பின் டச்பே கடற்கரையில் தொடங்கினோம். ஈர மணல் சீமெந்து போல இருந்தது. பிறகு வீட்டு முற்றத்தில் இரண்டு தும்பு மெத்தை போட்டோம். முதலில் குந்தியிருந்து பின்னால் சாய்வது மட்டும். நாடி நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்தலை அடிபடும். அதே நேரம் இரு கைகளாலும் மெத்தையில் அறைய வேண்டும். அடுத்ததுதான் முன்கரணம். சின்னப்பிள்ளைகள் போல உச்சந்தலையால் அல்ல. வலது தோளில் தொடங்கி, முதுகின் குறுக்கே உருண்டு, இடது இடுப்பால் எழ வேண்டும். கழுத்தில் பாரம் விழாது. ஆனால் தலை சுற்றும். காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்புக்கு இந்த வயதில் சுழற்சி மறந்துவிட்டது. மூன்று கரணம், ஒரு பிளேன்டீ, மறுபடி மூன்று. மதிலுக்கு மேலால் அயல்வீட்டுப் பிள்ளைகளின் சிரிப்பு வேறு.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கில், ஆண்டுக்குச் சுமார் 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். நெதர்லாந்தில் முதியவர்களுக்கு விழக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் உண்டு. ஒரு காலத்தில் நமது கோட்டையை வைத்திருந்த அதே ஒல்லாந்தர்தான். ஜெர்மனியின் ஜொஹானா குவாஸ் 2012இல், 86 வயதில், உலகின் மிக வயதான ஜிம்னாஸ்டிக் வீராங்கனையாகக் கின்னஸில் பதிவானார். அவர் விளையாட்டு ஆசிரியை. நம்மைப்போல் கல்லாவில் இருந்து வயிறு வளர்த்தவரல்ல. அவரைப் பார்த்து அந்தரத்தில் பாய வேண்டாம். பிரஷர், எலும்புத் தேய்வு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்குங்கள்.

கடந்த மாரியில் கடைவாசல் பாசியில் வழுக்கினேன். கை முன்னே போகவில்லை, தோள் போனது. சாரம் கிழிந்தது, தோள் கன்றியது. பத்து நிமிடத்தில் கல்லாவில் இருந்தேன். கடன் கொப்பியை இப்போது மகன்தான் எழுதுகிறான்.