கம்மி பட்ஜெட்டில் மெட்டல் டிடெக்டர் வாங்கப் போறீங்களா? வெம்பக்கோட்டை, தாயில்பட்டி பக்கம்னா முதல்ல இதைப் படிங்க!

வயலில் ஒருவர் டிடெக்டரோடு நடக்கிறார். 'பீப்' சத்தம் வருகிறது. குனிந்து தோண்டினால் கையில் பழைய காசு. யூடியூபிலும் ரீல்ஸிலும் இப்படி வீடியோ பார்த்துவிட்டு, "நாமும் ஒண்ணு வாங்கினா என்ன?" என்று யோசிப்பவர்கள் ஏராளம்.

விருதுநகர் மாவட்டம் தாயில்பட்டி பக்கம் இந்த ஆசை வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பக்கத்திலேயே வெம்பக்கோட்டை. அங்கே வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2023, 2024-லும் அடுத்தடுத்த கட்டங்கள் நடந்தன. தங்க அணிகலன் கிடைத்தது, செப்புக்காசு கிடைத்தது என்று செய்தி வரும்போதெல்லாம் "நம்ம காட்டுலயும் ஏதாவது இருக்குமோ?" என்ற கேள்வி எழுவது இயல்புதான்.

ஆர்டர் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

மெட்டல் டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது?

டிடெக்டரின் அடியில் தட்டு போல இருப்பது காயில். அதில் மின்சாரம் பாயும்போது சுற்றிலும் காந்தப்புலம் உருவாகும். அந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் ஏற்பட்டு, அது தனியாக ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைக் காயில் உணர்ந்ததும் கருவி 'பீப்' அடிக்கும். அவ்வளவுதான். தங்கத்தின் வாசனையை அது பிடிப்பதில்லை.

1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட டெலிபோன் புகழ் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். குண்டு சிக்கவில்லை. கட்டிலில் இருந்த இரும்புச் சுருள்களும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சுற்றிலும் வேறு உலோகம் இருந்தால் கருவி குழம்பிவிடும்.

தாயில்பட்டிக்காரர்களுக்கு இது முக்கியம். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்புக் கம்பி, ஆணி, அலுமினிய ஃபாயில் கிடக்கும் இடத்தில் மலிவு டிடெக்டர் ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும்.

எதுக்காக வாங்குறீங்க?

பட்ஜெட்டை விட முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான்.

* கையடக்க வகை: கோயில், மால் வாசலில் சோதனைக்கு வைத்திருப்பது. விலை குறைவு. ஆனால் சில அங்குல தூரம்தான் எட்டும். மண்ணுக்குள் தேட உதவாது.
* தரையில் தேடும் வகை: நீளமான கம்பி, அடியில் வட்டக் காயில். வயலில் தொலைந்த மோதிரம், புதைந்த இரும்புக் குழாய் தேட இதுதான் சரி.
* பின்பாயின்டர்: டார்ச் லைட் அளவுதான் இருக்கும். தோண்டிய குழிக்குள் பொருள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும்.

தொலைந்துபோன ஒரே ஒரு மோதிரத்தைத் தேடுவதற்கு மட்டும் என்றால், வாங்குவதை விட வாடகைக்கோ இரவலோ கேட்டுப் பார்ப்பதுதான் லாபம்.

குறைந்த விலையில் எதையெல்லாம் பார்க்கணும்?

1. இரும்பை ஒதுக்கும் வசதி: 'டிஸ்கிரிமினேஷன்' என்பார்கள். ஆணியையும் செம்பையும் பிரித்துச் சொல்ல உதவும்.

2. சென்சிட்டிவிட்டியைக் கூட்டிக் குறைக்கும் வசதி: மின்கம்பி, மோட்டார் அருகே கருவி வீணாகக் கத்தினால் குறைத்துக்கொள்ளலாம்.

3. கிரவுண்ட் பேலன்ஸ்: இரும்புத் தாது அதிகம் உள்ள மண்ணில் மண்ணுக்கே 'பீப்' வரும். அதைச் சரிசெய்வது இது.

4. தண்ணீர் புகாத காயில்: காலைப் பனி, ஈர மண், வரப்பு ஓரம் எல்லாவற்றையும் தாங்க வேண்டும்.

5. பில், வாரன்டி, சர்வீஸ்: ரிப்பேர் பார்க்க ஆள் இல்லாத கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் தண்டச் செலவுதான்.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் கருவிக்கே போட்டுவிடக் கூடாது. பேட்டரி, ஹெட்போன், காயில் கவர், சின்னக் கைக்கரண்டி ஆகியவற்றுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் காயில் ஒயரையும், பேட்டரி அறையில் பச்சை, வெள்ளைப் படிவு இருக்கிறதா என்பதையும் பார்ப்பது நல்லது.

கடையிலேயே டெஸ்ட் பண்ணுவது எப்படி?

பலரும் பையில் இருக்கும் 1 ரூபாய்க் காசை வைத்துப் பார்ப்பார்கள். இப்போதைய 1, 2 ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பை ஒதுக்கும் மோடில் கருவி அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். அதனால் ஒரு தங்க மோதிரம், ஒரு செம்புத் துண்டு, ஒரு ஆணி என மூன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சின்னத் தங்க நகையும் அலுமினிய ஃபாயிலும் பெரும்பாலான டிடெக்டர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஃபாயில் தொல்லை வேண்டாம் என்று அதை ஒதுக்கினால் தங்கமும் சேர்ந்து போய்விடும். மெல்லிய சங்கிலியைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு பொருளாகவே கருவிக்குத் தெரியும்.

"10 அடி ஆழம் வரை காட்டும்" என்பது உண்மையா?

ஒரு காசு அளவுள்ள பொருளை ஆரம்பநிலை டிடெக்டர் சுமார் அரை அடி, முக்கால் அடி ஆழம் வரை காட்டினாலே நல்ல கருவிதான். பெரிய இரும்புப் பொருள் என்றால் இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். 10 அடி என்று விளம்பரம் வந்தால் கவனம்.

அதைவிட மோசம், தூரத்தில் இருக்கும் தங்கத்தை ஆன்டெனா திரும்பிக் காட்டும் என்று விற்கப்படும் கருவிகள். ஏடிஇ 651 என்ற கருவியை வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி இராக்குக்கு விற்றார் பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்கார்மிக். அதில் வேலை செய்யும் பாகம் எதுவுமே இல்லை. 2013-ல் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு நாட்டின் பாதுகாப்புப் படையே ஏமாந்த கதை இது.

வீடியோவில் தோண்டுறாங்களே, நாமும் தோண்டலாமா?

அந்த வீடியோக்களில் பல பிரிட்டன் போன்ற நாடுகளில் எடுக்கப்பட்டவை. 2009-ல் அங்கே ஸ்டாஃபோர்ட்ஷையரில் 14 ஆண்டு பழைய டிடெக்டரோடு போனவருக்குப் பெரும் தங்கப் புதையல் கிடைத்தது. மதிப்பு 32.85 லட்சம் பவுண்ட். நில உரிமையாளரின் அனுமதியோடு தேடி, முறைப்படி தகவலும் கொடுத்ததால் இருவருக்கும் பணம் கிடைத்தது.

இந்தியாவில் சட்டம் வேறு. 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கு பறிபோகும். ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் கிடைக்கலாம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு, சிலை ஆகியவை 1972-ம் ஆண்டு சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்ய முடியாது.

மாநிலத் தொல்லியல் துறைகூட மத்திய அரசின் அனுமதி பெற்ற பிறகுதான் அகழாய்வுக் குழி தோண்ட முடியும். தொல்லியல் மேட்டில் தனிநபர் கரண்டியோடு இறங்க முடியாது.

ஒரு காசை எடுத்தால் என்ன ஆகிவிடும்?

வெம்பக்கோட்டையில் கிடைத்தவற்றில் தங்கமும் செம்பும் கொஞ்சம்தான். சங்கு வளையல், சுடுமண் காளை உருவம், ஆட்டக்காய், சூதுபவள மணி, பானை ஓடு ஆகியவைதான் அங்கு வாழ்ந்தவர்களின் கதையைச் சொல்கின்றன. இவை எதற்கும் டிடெக்டர் 'பீப்' அடிக்காது. ஒரு காசுக்காகத் தோண்டும்போது இவைதான் உடையும்.

மேலும், எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்பதை வைத்துத்தான் ஒரு பொருளின் காலத்தைக் கணிக்கிறார்கள். அடுக்கைக் கலைத்துவிட்டால் கையில் இருப்பது வெறும் உலோகத் துண்டு. ஊரின் வரலாற்றில் ஒரு பக்கம் கிழிந்துபோனதுதான் மிச்சம்.

பட்டாசு ஆலைப் பக்கம் போகவே கூடாது

தீப்பொறி வரக்கூடாது என்பதற்காகவே ஆலைகளில் இரும்புக் கருவிகளைத் தவிர்த்து, மரம், பித்தளைக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். செல்போனுக்கும் உள்ளே அனுமதி கிடையாது. ஆலை வளாகத்திலும், பட்டாசுக் கழிவு கொட்டும் இடத்திலும், பழைய ஷெட் இருந்த இடத்திலும் டிடெக்டரோடு போய் இரும்புக் கரண்டியால் குத்துவது உயிரோடு விளையாடுவது போல.

உழும்போது ஏதாவது கிடைத்தால்?

* தோண்டுவதை அங்கேயே நிறுத்துங்க.
* பொருளைக் கழுவாதீங்க, புளி போட்டுத் தேய்க்காதீங்க. ஒட்டியிருக்கும் மண்ணும் ஒரு ஆதாரம்தான்.
* கிடைத்த இடத்தோடு சேர்த்து போட்டோ எடுத்துக்கோங்க.
* விஏஓ அல்லது தாசில்தாரிடம் சொல்லிவிட்டு, கலெக்டருக்கு எழுத்தில் தகவல் கொடுங்க.

டிடெக்டர் வாங்குவதில் தப்பில்லை. தொலைந்த மோதிரத்தைத் தேடலாம், டிராக்டர் டயரைக் குத்தும் இரும்பைப் பொறுக்கலாம், மண்ணுக்குள் போன பைப்பைக் கண்டுபிடிக்கலாம். இதற்கெல்லாம் அளவான விலையில் ஒரு எளிய கருவியே போதும். புதையல் ஆசையில் வாங்குவதாக இருந்தால் அந்தப் பணம் பேங்கிலேயே இருக்கட்டும்.