உங்களுக்குத் தெரியுமா? நீலகிரியில் நிலைமின்சாரம்

● ஊட்டியில் ஜனவரி இரவில் ஸ்வெட்டரைக் கழற்றினால் சடசடவென்று சத்தம் வரும். விளக்கை அணைத்திருந்தால் பொறிகூடத் தெரியும். அங்கே மின்சாரம் புதிதாகப் பிறக்கவில்லை. உரசலில் ஒரு துணியின் எலக்ட்ரான்கள் அடுத்ததற்குத் தாவுகின்றன, அவ்வளவுதான். வாங்கியதற்கு எதிர் மின்னூட்டம், இழந்ததற்கு நேர் மின்னூட்டம், கூட்டினால் பூஜ்யம். பொறியில் சில ஆயிரம் வோல்ட் இருக்கும். பயம் வேண்டாம், பாயும் மின்னூட்டம் மிகச் சொற்பம், சுருக்கென்பதோடு சரி.

● ஜூலை மழையில் அதே ஸ்வெட்டர் வாயே திறக்காது. ஈரக்காற்றில் துணிமேல் படியும் நீர்ப்படலம் வழியே மின்னூட்டம் கசிந்துவிடும்.

● குன்னூர்ப் பக்கத்து டீ ஃபேக்டரிகளில் நிலைமின்சாரம் கூலி கேட்காமல் வேலை செய்கிறது. உலர்ந்த சிடிசி தூளில் நாரும் காம்புத் துணுக்கும் கலந்திருக்கும். தூள் ஓடும் பாதைக்கு மேலே பிவிசி உருளைகள் கம்பளித் துணியில் உரசியபடி சுழலும். மின்னூட்டம் ஏறிய உருளை நாரை மேலே இழுத்துக்கொள்ளும், தூள் கீழேயே போய்விடும். நாரில் மின்னூட்டமே இல்லையே என்கிறீர்களா? உருளை நெருங்கியதும் நாருக்குள் இருக்கும் மின்னூட்டங்கள் இடம் பெயர்ந்து, உருளைப் பக்கம் எதிரினம் கூடுகிறது. சற்றே ஈரம் கூடிய, எடை குறைந்த நாருக்கு அந்த இழுப்பே போதும்.

● ஊட்டி இந்து நகரில் முன்பு இயங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. பிலிம் தொழிலுக்கு நிலைமின்சாரம் பரம வைரி. இருட்டறையில் சுருளை வேகமாகப் பிரித்தால் எழும் பொறி, கிளை கிளையாகப் பிலிமிலேயே பதிந்துவிடும்.

● 2014 டிசம்பர் 1. ஊட்டிக்கு மேலே ஓர் இடிமேகம், சுமார் 380 சதுர கிலோமீட்டர் பரப்பு. கீழே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் கிரேப்ஸ்-3 கருவிகள் மியூவான்களை எண்ணிக்கொண்டிருந்தன. விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும், மின்னூட்டம் கொண்ட துகள்கள் இவை. மேகத்தின் மின்புலத்தில் நுழைந்தவற்றில் சில ஆற்றலை இழந்தன, சில பெற்றன. 18 நிமிடம் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் சரிந்தது. அந்தச் சின்னச் சரிவிலிருந்து விஞ்ஞானிகள் கணக்கிட்ட மின்னழுத்தம்: 130 கோடி வோல்ட்! அதற்கு முன் பலூன்களை மேகத்துக்குள் அனுப்பி அளந்ததில் கிடைத்த உச்சம் 13 கோடிதான். 100 கோடியைத் தொடும் என்று ஸ்காட்லாந்து இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920களிலேயே சொல்லியிருந்தார். ஊட்டி முடிவு 2019-இல் வெளியானது. மேகத்தை ஓட்டை போடாமல் தரையிலிருந்தே அளந்தார்களே, எனக்கு வியப்பு அதில்தான்.

● மேகத்துக்கு மின்னூட்டம் எப்படி ஏறுகிறது? பனித்துகள்களும் மென்மையான ஆலங்கட்டிகளும் மோதுவதால். இலேசான துகள்கள் நேர் மின்னூட்டத்தோடு மேலே போகும். கனமானவை எதிர் மின்னூட்டத்தோடு கீழே தங்கும்.

● தேயிலைக் காட்டில் இடி கேட்டால் பலரும் சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்குவார்கள். கூடவே கூடாது. உயர்ந்த மரத்தையே மின்னல் தேடும். தலைமுடி சிலிர்த்து நின்றால் மேகத்தின் மின்புலம் உங்கள் உடம்பிலும் மின்னூட்டத்தை இடம் பெயர்த்துவிட்டது என்று பொருள். உடனே கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய ஜீப்புக்குள்ளோ ஓடுங்கள்.