பணியிலிருக்கும் சிஸ்டருக்கு மேற்படிப்பு எதற்கு?



பல ஆண்டு அனுபவமுள்ள சிஸ்டருக்கு மறுபடியும் படிப்பு எதற்கு என்று நம் ஆதரவாளர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

நோயாளியைப் பராமரிப்பது ஒன்று. பராமரிக்கிறவர்களை நடத்துவது வேறொன்று. இரவு டியூட்டிக்கு யாரை எங்கே வைப்பது, மருந்து மாறிப்போனால் காரணத்தை எப்படிக் கண்டறிவது, தொற்று பரவாமல் வார்டை எப்படிக் காப்பது ஆகியவற்றை முறையாகக் கற்கவேண்டியிருக்கிறது. எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டில் செவிலிய நிர்வாகம் தனிப் பாடமாகவே உண்டு. டிப்ளமோ பெற்ற சிஸ்டர், இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்த பின்பே இந்த இரண்டாண்டுப் படிப்பில் சேரமுடியும்.

மிஷன் மருத்துவமனைகளுக்கு இது புதிய பாதையல்ல. ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் 1909-ல் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946-ல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது.

மோசே தனியொருவராய் ஜனங்களை நியாயம் விசாரித்துக் களைத்தபோது, திறமையுள்ளவர்களைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பைப் பகிரும்படி எத்திரோ ஆலோசனை சொன்னார் (யாத்திராகமம் 18). அந்த ஆலோசனை வார்டுக்கும் பொருந்தும்.

படிக்கப் போனால் சம்பளம் நின்றுவிடும்; வீட்டுச் செலவு நிற்காது. ஆகவே தகுதியுள்ள சிஸ்டர்கள் விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள். அந்தப் பாரத்தை உங்கள் காணிக்கை தாங்கட்டும். ஒருவர் கற்றுத் திரும்பினால் ஒரு வார்டு முழுவதும் பயன்பெறும். அவர்களுக்காக ஜெபியுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனை ஆயர்